கிடங்கு ரசீதுக்கு மதிப்பிருந்தால் முதலீடு வயலுக்கு வரும்

நாட்டுக்கு இத்தனை ஆயிரம் கோடி ரூபாய் அன்னிய முதலீடு வந்தது, பங்குச் சந்தை இத்தனை புள்ளிகள் உயர்ந்தது என்ற செய்திகள் நாளேடுகளில் நாள் தவறாமல் வருகின்றன. நம் விவசாயிகளில் பெரும்பாலோர் அவற்றைப் பார்த்துவிட்டு, "இது பட்டணத்து விவகாரம், நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள்.

சம்பந்தம் உண்டு. அறுவடை முடிந்த வாரமே விளைபொருளைக் கிடைத்த விலைக்கு விற்றுவிடும் விவசாயி, விலை தெரியாததால் அப்படி விற்பதில்லை. இரண்டு மூன்று மாதம் பொறுத்தால் விலை கூடக்கூடும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் உரக்கடைப் பாக்கி, அறுவடைக் கூலி, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் ஆகியவை அதுவரை பொறுக்கமாட்டா. கையில் ரொக்கம் இல்லாததால்தான் அவர் விற்கிறார். உலகில் பணத்துக்குப் பஞ்சமில்லை. அந்தப் பணம் அவருடைய களத்துமேடு வரை வந்து சேருவதற்கு வழி இல்லை என்பதுதான் பஞ்சம்.

அந்த வழி எது என்பதே இக்கட்டுரையின் பொருள். முதலீட்டின் அளவு மட்டும் ஒரு நாட்டின் வளர்ச்சியைத் தீர்மானிப்பதில்லை. நேர்மையான எடை, பூட்டிய கிடங்கு, செல்லுபடியாகும் ரசீது, பக்கத்திலேயே வங்கிக் கிளை, காலத்தில் தீர்ப்பளிக்கும் நீதிமன்றம் ஆகிய அமைப்புகள் இருக்கும் இடத்தில்தான் வந்த பணம் தங்கிப் பயன் தருகிறது.

மூன்று வகைப் பணம்

வெளிநாட்டிலிருந்து வரும் பணம் எல்லாம் ஒரே வகையானது அல்ல. முதல் வகை, நேரடி முதலீடு. வெளிநாட்டு நிறுவனம் இங்கே நிலம் பெற்று, இயந்திரம் இறக்கி, தொழிற்சாலை கட்டுகிறது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998-ம் ஆண்டில் கார் உற்பத்தியைத் தொடங்கியது இவ்வகையைச் சேர்ந்தது. இது கிணறு வெட்டுவதைப் போன்றது. வெட்டிய கிணற்றை எவரும் ஒரே இரவில் தூக்கிக்கொண்டு போக முடியாது.

இரண்டாவது வகை, பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் போடப்படும் பணம். மூன்றாவது, வங்கிகளும் கம்பெனிகளும் வெளிநாட்டில் வாங்கும் குறுகிய காலக் கடன். இவை இரண்டும் காட்டாற்று வெள்ளத்தைப் போன்றவை. வரும்போது கரைபுரண்டு வரும். வற்றும்போது ஒரே வாரத்தில் வற்றிவிடும்.

தாய்லாந்து நாட்டில் 1990-களின் முற்பகுதியில் டாலர் கடன் ஏராளமாக வந்தது. அதில் பெரும்பகுதி கட்டிடங்களிலும் மனை வியாபாரத்திலும் முடங்கியது. 1997 ஜூலை 2-ம் தேதி அந்நாடு தன் நாணயமான பாட்டின் மதிப்பைக் கட்டிக்காக்க முடியாமல் சந்தையின் போக்குக்கு விட்டுவிட்டது. அதற்கு முன் ஒரு டாலருக்குச் சுமார் 25 பாட். 1998 ஜனவரியில் 50 பாட்டுக்கும் மேல். நகரங்களில் வேலையிழந்த பலர் வடகிழக்குக் கிராமங்களுக்குத் திரும்பினார்கள். பெரிய வங்கிகள் செய்த தவறின் பாரத்தைச் சிறிய நெல் விவசாயிகளின் குடும்பங்கள் சுமக்க நேரிட்டது.

நம் நாடும் இதை அனுபவித்திருக்கிறது. 1990-91-ல் வெளிநாடுவாழ் இந்தியர்கள் இங்கு போட்டிருந்த டெபாசிட்டுகளைத் திரும்ப எடுக்கத் தொடங்கினார்கள். அன்னியச் செலாவணிக் கையிருப்பு சில வார இறக்குமதிக்கு மட்டுமே போதும் என்ற நிலை வந்தது. 1991 ஜூலையில் ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் அடகு வைத்துக் கடன் பெற்றது.

வெள்ளம் வேண்டாம் என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார். கரை கட்டி, மதகு வைத்து, கலங்கல் அமைத்து ஏரியில் தேக்கினால் அதே வெள்ளம் இரண்டு போகம் விளைவிக்கும். கரை இல்லாவிட்டால் இருக்கிற மண்ணையும் அரித்துச் செல்லும். பணத்துக்கு அந்தக் கரையும் மதகும் எப்படி அமைகின்றன என்பதற்குப் பிரேசில் நாட்டின் அனுபவம் நல்ல எடுத்துக்காட்டு.

பிரேசில் தரும் பாடம்

பிரேசிலின் நடுப்பகுதியில் செராடோ என்னும் பரந்த புல்வெளிப் பிரதேசம் இருக்கிறது. பரப்பு ஏறக்குறைய 20 கோடி ஹெக்டேர். மண் அமிலத்தன்மை மிகுந்தது. அலுமினிய நச்சு உண்டு. மணிச்சத்து மிகக் குறைவு. 1960-கள் வரை இது பயிருக்கு உதவாத பூமி என்றே கருதப்பட்டது.

1973-ம் ஆண்டில் அந்நாட்டு அரசு எம்பிராபா என்ற வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவியது. சுண்ணாம்பு இட்டு அமிலத்தைக் குறைக்கும் முறையும், வெப்ப மண்டலத்தின் குறுகிய பகல் பொழுதுக்கு ஏற்ற சோயா மொச்சை ரகங்களும் அதன் ஆராய்ச்சியால் பரவின. அதே 1973-ல் அமெரிக்கா சோயா ஏற்றுமதியைச் சிறிது காலம் தடை செய்தது. அமெரிக்க சோயாவையே பெரிதும் நம்பியிருந்த ஜப்பான் விழித்துக்கொண்டு வேறு இடம் தேடியது. செராடோவில் விவசாயம் செய்யப் பிரேசிலும் ஜப்பானும் சேர்ந்து கடனுதவி வழங்கும் கூட்டுத் திட்டம் 1979-ல் தொடங்கி 2001 வரை நடந்தது. வெளிநாட்டு முதலீடு ஆராய்ச்சியோடு கைகோத்து வந்த நிகழ்ச்சி இது.

ஆனால் 1980-களில் பிரேசில் கடன் சுமையில் சிக்கியது. 1987-ல் வெளிநாட்டு வங்கிகளுக்கு வட்டி கட்டுவதையே நிறுத்தியது. அரசு மலிவு வட்டியில் கொடுத்துவந்த விவசாயக் கடன் வெகுவாகச் சுருங்கியது. நிலமும் ரகமும் தொழில்நுட்பமும் இருந்தன; விதைக்கவும் உரமிடவும் பணம் இல்லை.

இந்த இடைவெளியை அடைத்தது ஒரு தாள். 1994 ஆகஸ்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், "கிராமப்புற விளைபொருள் பத்திரம்" என்று சொல்லத்தக்க ஒரு பத்திரத்துக்குச் சட்ட அந்தஸ்து தந்தது. விதைப்புக்கு முன்பே விவசாயி இத்தனை டன் சோயாவை, இன்ன தரத்தில், இன்ன இடத்தில், இன்ன நாளில் தருகிறேன் என்று எழுதிக் கொடுக்கிறார். வாங்கும் கம்பெனியோ வங்கியோ அதன்பேரில் பணமாகவோ, விதை உரமாகவோ முன்னதாகவே கொடுக்கிறது. பத்திரம் பதிவு அலுவலகத்தில் பதிவாகிறது. சொன்னபடி பொருள் வராவிட்டால் நீதிமன்றத்தில் நேரடியாக நிறைவேற்றக் கோரலாம். பன்னாட்டுத் தானிய வியாபாரக் கம்பெனிகளின் பணம் இந்தத் தாளின் வழியாகத்தான் செராடோவின் வயல்களுக்கு வந்தது. இன்று உலகிலேயே அதிகமாகச் சோயா விளைவிக்கும் நாடு பிரேசில்.

அதன் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 2003-04 பருவத்தில் சோயா விலை திடீரென உயர்ந்தது. முன்கூட்டியே குறைந்த விலைக்கு எழுதிக் கொடுத்திருந்த கோயாஸ் மாநில விவசாயிகள் சிலர், ஒப்பந்தம் நியாயமற்றது என்று நீதிமன்றம் சென்றார்கள். சில வழக்குகளில் தீர்ப்பும் அவர்களுக்குச் சாதகமாக வந்தது. அந்த ஆண்டு அவர்களுக்கு லாபமே. ஆனால் அடுத்த பருவங்களில் கம்பெனிகள் முன்பணம் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டன. கொடுத்தாலும் கூடுதல் ஈடு கேட்டன. வாக்குத் தவறாத விவசாயிகளும் அந்தத் தண்டனையில் பங்கு பெற்றார்கள். ஆய்வாளர்கள் இதைப் பின்னர் விரிவாக ஆராய்ந்து பதிவு செய்திருக்கிறார்கள்.

பிரேசில் செய்ததெல்லாம் சரி என்பது என் கருத்தல்ல. செராடோவின் இயற்கைத் தாவரப் பரப்பில் ஏறத்தாழப் பாதி அழிந்துவிட்டது. பெரிய பண்ணைகளே அதிகம் பயனடைந்தன. அந்தப் பாதையை அப்படியே பின்பற்ற நம்மிடம் நிலமும் இல்லை. அது விரும்பத்தக்கதும் அல்ல. எழுதிய சொல்லுக்கு மதிப்பு இருந்தால் தூரத்துப் பணம் வயலுக்கு வரும்; மதிப்பு குலைந்தால் பணம் முதலில் ஒதுங்கும் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

நம் நாட்டில் அமைப்பு வளர்ந்த விதம்

இந்தப் பாடம் நமக்குப் புதிதல்ல. சென்னை மாகாண அரசு பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராயப் பணித்தது. அவருடைய அறிக்கை 1895 முதல் 1897 வரை வெளிவந்தது. 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் திருவள்ளூரை அடுத்த திரூரில் மாகாணத்தின் முதல் கடன் சங்கம் தோன்றியது.

ஆனால் சங்கம் பதிவு செய்வது வேறு, பணம் பாய்வது வேறு. 1951-52-ல் ரிசர்வ் வங்கி நடத்திய அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வில், விவசாயிகள் பெற்ற கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது வெறும் 3.1 சதவீதம் என்று தெரியவந்தது. ஏறத்தாழ 70 சதவீதம் லேவாதேவிக்காரர்களிடமிருந்தே வந்தது. அதன் பிறகுதான் கூட்டுறவில் அரசு பங்குத்தொகை, 1969-ல் 14 வங்கிகள் தேசியமயம், 1975-ல் வட்டார கிராம வங்கிகள், 1982-ல் நபார்டு என்று ஒவ்வொன்றாக வந்தன.

1977-ம் ஆண்டில் ரிசர்வ் வங்கி ஒரு விதியைக் கொண்டுவந்தது. ஏற்கெனவே கிளை உள்ள ஊரில் ஒரு வங்கி புதிதாக ஒரு கிளை திறக்க வேண்டுமானால், வங்கியே இல்லாத ஊர்களில் நான்கு கிளைகள் திறக்க வேண்டும். 1990 வரை இந்த விதி நடைமுறையில் இருந்தது. ராபின் பர்ஜெஸ், ரோகிணி பாண்டே என்ற இரு பொருளியல் அறிஞர்கள் இதன் விளைவை ஆராய்ந்து 2005-ல் வெளியிட்டார்கள். கிளைகள் பரவிய காலத்தில் கிராமப்புற வறுமை குறைந்தது, விவசாயம் சாராத உற்பத்தி பெருகியது என்பது அவர்கள் கண்ட முடிவு. அந்தக் கடன்களில் வாராக் கடனும் மிகுதி என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கரை கட்டினால் போதாது, ஆண்டுதோறும் மராமத்தும் வேண்டும் என்பதையே அது காட்டுகிறது.

இந்த வளர்ச்சிக்கு ஒரு டாலர்கூட வெளியிலிருந்து வர வேண்டியிருக்கவில்லை. பெரும்பாலும் நம் மக்களின் சொந்தச் சேமிப்பே வங்கிக் கிளை என்ற மதகின் வழியாக வயலுக்குத் திரும்பியது. உள்நாட்டுச் சேமிப்பையே வயலுக்குக் கொண்டுசெல்ல முடியாத நாடு, வெளிநாட்டுப் பணத்தை எப்படிக் கொண்டுசெல்லப் போகிறது?

காலிக் கிடங்கும் ஏட்டுச் சுரைக்காயும்

அமைப்பு இல்லாமல் சந்தையை மட்டும் பெரிதாக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. தேசிய ஸ்பாட் எக்ஸ்சேஞ்ச் என்ற சந்தை, விளைபொருளைக் கிடங்கில் வைத்து அந்த ரசீதின்பேரில் கொடுக்கல் வாங்கல் நடத்துவதாகச் சொல்லிப் பல்லாயிரம் பேரின் பணத்தை ஈர்த்தது. 2013 ஜூலை 31-ல் அங்கே வியாபாரம் நிறுத்தப்பட்டது. சுமார் 13,000 முதலீட்டாளர்களுக்கு வரவேண்டிய 5,600 கோடி ரூபாய் நின்றுபோயிற்று. கிடங்குகளைத் திறந்து பார்த்தபோது பல இடங்களில் ரசீதில் கண்ட சரக்கு இல்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். சரக்கு இல்லாத கிடங்கின் ரசீதும் அப்படியே. இத்தகைய மோசடியில் நஷ்டப்படுபவர் பணம் போட்டவர் மட்டுமல்ல. நேர்மையாகச் சரக்கு வைத்து ரசீது கொண்டுவரும் விவசாயியையும் வங்கி மேலாளர் அன்று முதல் சந்தேகத்தோடு பார்க்கிறார். இதுவே பெரிய நஷ்டம்.

இதன்பின் முன்பேரச் சந்தைகளைக் கண்காணித்துவந்த ஆணையம் 2015 செப்டம்பரில் செபியுடன் இணைக்கப்பட்டது. கிடங்குகளைப் பொறுத்தவரை 2007-ம் ஆண்டுச் சட்டத்தின்படி கிடங்கு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை ஆணையம் 2010 முதல் இயங்குகிறது. அதில் பதிவு பெற்ற கிடங்கில் சரக்கு வைத்தால் கைமாற்றத்தக்க ரசீது கிடைக்கும். 2017-ல் இது மின்னணு ரசீதாக வந்தது. ஒரே சரக்குக்கு இரண்டு ரசீது எழுதி இரண்டு வங்கிகளில் கடன் வாங்குவது இதனால் கடினமாகிறது. இந்த ரசீதின்பேரில் தரும் கடனுக்கு உத்தரவாதம் அளிக்க 2024 டிசம்பரில் மத்திய அரசு 1,000 கோடி ரூபாய் நிதியுடன் ஒரு திட்டத்தையும் தொடங்கியது.

முன்பேர வர்த்தகம் சூதாட்டமா?

விவசாயிகள் கூட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. ஈரோட்டு மஞ்சள் விவசாயிகளுக்கு இது வெறும் கேள்வி அல்ல, பட்ட அனுபவம். 2010-ல் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிய மஞ்சள், 2012-ன் தொடக்கத்தில் 5,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. இதற்கு முன்பேர வர்த்தகமே காரணம் என்று பலர் கூறினார்கள். விலை கண்டு மஞ்சளின் பரப்பு பெருகியதும் முக்கிய காரணம் என்பதை மறந்துவிடக்கூடாது.

முன்பேரச் சந்தையின் விலைப்பலகை விவசாயிக்கு ஒரு தகவல். மூன்று மாதம் கழித்து வியாபாரிகள் என்ன விலையை எதிர்பார்க்கிறார்கள் என்பதை அது காட்டும். ஆனால் அங்கே சிறு விவசாயி தனியாக இறங்கி வியாபாரம் செய்வது சரியல்ல. ஒப்பந்தம் டன் கணக்கில் இருக்கும். விலை எதிர்த்திசையில் போனால் அன்றன்றே பணம் கட்ட வேண்டும். பத்து மூட்டை வைத்திருப்பவருக்கு இது கட்டுப்படியாகாது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் போன்ற ஓர் அமைப்பு, உறுப்பினர்களின் சரக்கைச் சேர்த்துத் தரம் பிரித்து, தேர்ந்தவர்களின் ஆலோசனையோடு செய்தால் பயன் உண்டு.

அரசின் போக்கும் இதில் சீராக இல்லை. 2007-ல் கோதுமை, அரிசி, துவரை, உளுந்து ஆகியவற்றின் முன்பேர வர்த்தகம் நிறுத்தப்பட்டது. 2021-ல் கொண்டைக்கடலை, கடுகு, சோயா உள்ளிட்ட ஏழு வகைப் பொருள்களுக்கு நிறுத்தம் வந்து, பின்னர் பலமுறை நீட்டிக்கப்பட்டது. விலை ஏறும்போது சந்தையை மூடுவது நுகர்வோருக்கு ஆறுதலாகத் தோன்றலாம். விதைப்பதற்கு முன் விலையைக் கணிக்க விரும்பும் விவசாயிக்கு அது விளக்கை அணைப்பதாகும். திறப்பதானால் கண்காணிப்போடு திறக்க வேண்டும். அடிக்கடி திறந்து மூடும் கடைக்கு வாடிக்கையாளர் வரமாட்டார்.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். வெளிநாட்டு நிதி நிறுவனங்கள் சரக்கு முன்பேரச் சந்தையில் இறங்க செபி 2022-ல் அனுமதித்தபோது, வேளாண் பொருள்களை விட்டே அனுமதித்தது. அந்த எச்சரிக்கை நியாயமானது. கிடங்கும் தரநிர்ணயமும் வலுவடையாத நிலையில் மஞ்சளுக்கும் கடுகுக்கும் வெள்ளப் பணத்தைத் திறந்துவிடக்கூடாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

சந்தை, முதலீடு என்று பேசுவதெல்லாம் கடைசியில் ஒரு விவசாயியின் கையில் எவ்வளவு நிற்கிறது என்பதில் முடிய வேண்டும். பெரம்பலூர்ப் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளம் விளைவித்து, தை, மாசியில் அறுவடை செய்யும் ஒரு விவசாயியை எடுத்துக்கொள்வோம். இங்கு தரும் எண்கள் கணக்கை விளக்குவதற்காகவே. அவரவர் ஊர் விலையையும் கட்டணத்தையும் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

அவரிடம் 40 குவிண்டால் இருக்கிறது. அறுவடை நேர விலை குவிண்டாலுக்கு 2,000 ரூபாய். உடனே விற்றால் 80,000 ரூபாய். விற்காமல் கிடங்கில் வைத்து, மதிப்பில் 70 சதவீதம், அதாவது 56,000 ரூபாய் கடன் பெறுகிறார். நான்கு மாதம் கழித்து விற்கிறார். அவருக்கு ஆகும் செலவு:

வட்டி, ஆண்டுக்கு 9 சதவீதம் வீதம் நான்கு மாதத்துக்கு: 1,680 ரூபாய்.
கிடங்கு வாடகை, குவிண்டாலுக்கு மாதம் 8 ரூபாய் வீதம்: 1,280 ரூபாய்.
வண்டி வாடகை, ஏற்று இறக்குக் கூலி: 1,500 ரூபாய்.
எடைக் குறைவு 1.5 சதவீதம், அதாவது 60 கிலோ.

நான்கு மாதம் கழித்து விலை 2,300 ரூபாய் என்றால் விலை உயர்வால் வரும் கூடுதல் 12,000 ரூபாய். எடைக் குறைவின் மதிப்பு 1,380 ரூபாய். எல்லாச் செலவும் சேர்ந்து 5,840 ரூபாய். நிற்கும் லாபம் 6,160 ரூபாய். விலை 2,100 ரூபாய் மட்டுமே என்றால் கூடுதல் 4,000 ரூபாய். செலவு 5,720 ரூபாய். நஷ்டம் 1,720 ரூபாய். ஆக, குவிண்டாலுக்குச் சுமார் 145 ரூபாய்க்கு மேல் விலை கூடினால்தான் வைத்து விற்பது கட்டுப்படியாகும். "வைத்து விற்றால் எப்போதும் லாபம்" என்று எவரேனும் சொன்னால் நம்பவேண்டாம்.

இதே கணக்கில், கடன் வங்கியிலிருந்து வராமல் மாதம் 3 வட்டிக்குத் தனியாரிடமிருந்து வருகிறது என்று வையுங்கள். நான்கு மாத வட்டி 6,720 ரூபாய். விலை 2,300 ஆனாலும் கையில் நிற்பது 1,120 ரூபாய்தான். நல்ல ரசீது உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள வேறுபாடு 5,040 ரூபாய். நாற்பது குவிண்டாலில் இவ்வளவு என்றால், ஒரு வட்டாரம் முழுவதற்கும் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். நிதி அமைப்பு நாட்டின் வளர்ச்சியை உயர்த்துகிறது என்று பொருளியல் நூல்கள் சொல்வதன் பொருள் இதுதான்.

செய்ய வேண்டியவை

விவசாயப் பெருமக்கள் செய்யத்தக்கவை சில:

1. கிடங்குக்குக் கொண்டுசெல்லும் முன் உலர்களத்தில் நன்கு காயவைக்கவும். மக்காச்சோளத்தில் ஈரப்பதம் 12 சதவீதம் அளவுக்கு இறங்க வேண்டும். ஈரம் மிகுந்தால் பூஞ்சணம் பிடித்து அஃப்லாடாக்சின் நச்சு உண்டாகும். கோழித்தீவன ஆலை அதைத் தள்ளிவிடும். ஈரமான சரக்கின் ரசீதுக்கு எந்த வங்கியும் மதிப்புத் தராது.

2. கிடங்கு ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று கேட்கவும். ரசீதில் எடை, தரம், ஈரப்பதம், இன்சூரன்ஸ் ஆகியவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து வாங்கவும். துண்டுச் சீட்டை நம்பிச் சரக்கை விட்டுவரவேண்டாம்.

3. பக்கத்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பொருளீட்டுக் கடன் வசதியை விசாரிக்கவும். கிசான் கடன் அட்டை வைத்திருக்கும் சிறு, குறு விவசாயிகள் கிடங்கு ரசீதின்பேரில் பெறும் அறுவடைக்குப் பிந்திய கடனுக்கு உள்ள வட்டிச் சலுகையையும் வங்கியில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும்.

4. எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டாம். அவசரத் தேவைக்கு ஒரு பங்கை விற்று, மற்றதை வைத்திருப்பது நலம். விலை ஓரளவு உயர்ந்ததும் விற்றுக் கடனை அடைக்கவும். உச்ச விலைக்காகக் காத்திருந்து ஏமாந்தவர்கள் ஏராளம்.

5. கம்பெனியோடு ஒப்பந்த சாகுபடி செய்வதானால் எழுத்தில் செய்யவும். தமிழ்நாட்டில் இதற்கென 2019-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. எழுதிய பிறகு விலை ஏறினாலும் இறங்கினாலும் இரு தரப்பும் வாக்குத் தவறக்கூடாது. கோயாஸ் விவசாயிகளின் கதை நினைவிருக்கட்டும்.

அரசும் வங்கிகளும் செய்ய வேண்டியவை இவற்றினும் பெரியவை. திருப்பூரில் மாகாணத்தின் முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் 1936-ல் தொடங்கப்பட்டது. எடையில் மோசம், மறைமுகத் தரகு ஆகியவற்றிலிருந்து பருத்தி விவசாயியைக் காப்பதே அன்றைய நோக்கம். இன்று அந்த நோக்கத்தோடு நிதியையும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு விற்பனைக்கூடத்திலும் சரியாக வேலை செய்யும் ஈரப்பதமானி, தரம் பார்க்கப் பயிற்சி பெற்ற ஊழியர், மழைக்கு ஒழுகாத பதிவு பெற்ற கிடங்கு, கடன் மனுவை அன்றே வாங்கும் வங்கி மேசை ஆகிய நான்கும் ஒரே வளாகத்தில் இருக்க வேண்டும். விவசாயி ஒரு நாள் வேலையை விட்டு வந்து, ரசீதோடும் பணத்தோடும் மாலையில் வீடு திரும்ப முடிய வேண்டும்.

கூட்டுறவுத் துறையில் உலகிலேயே பெரிய தானியச் சேமிப்புத் திட்டம் என்று 2023-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. 2024 பிப்ரவரியில் முன்னோடியாக 11 சங்கங்களின் கிடங்குகள் திறக்கப்பட்டன. வரவேற்கத்தக்க முயற்சிதான். ஆனால் கட்டிடம் மட்டும் கிடங்கு ஆகிவிடாது. எலியும் வண்டும் புகாமல் காப்பவர், சரக்கைக் கணக்கு வைப்பவர், முன்னறிவிப்பின்றி வந்து சோதிப்பவர் ஆகியோர் இருந்தால்தான் அது கிடங்கு. 2013-ல் ஏமாற்றியவை கிடங்குகளின் சுவர்கள் அல்ல. சோதிக்க வேண்டியவர்கள் சோதிக்காமல் இருந்ததே.

அன்னிய முதலீட்டைத் தெய்வமாகக் கும்பிட வேண்டியதில்லை. பேயாகக் கண்டு ஓடவும் வேண்டியதில்லை. அது தண்ணீரைப் போல, சரிவு பார்த்துப் பாய்வது. இந்த ஆண்டு எத்தனை கோடி வந்தது என்று கேட்கும்போதே, நம் வட்டாரத்தில் எத்தனை கிடங்குகளின் ரசீதை வங்கி மறுபேச்சில்லாமல் ஏற்கிறது என்றும் கேட்கப் பழகுவோம். கிராம சபையில் கேட்கலாம். உழவர் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் முன்னிலையில் கேட்கலாம். கூட்டுறவுச் சங்கப் பேரவைக் கூட்டத்தில் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடைக்கும் வட்டாரத்தில், அறுவடை முடிந்த வாரமே அடிமாட்டு விலைக்கு விற்கும் நிலை மாறும். எங்கிருந்து வந்த பணமானாலும் அந்த வட்டாரத்தில் அது உழவருக்கு வேலை செய்யும்.